ஈய மணல்மேல் குடித்தனம்

நாங்கள் வீடு வாங்கிய தாமானின், அதாவது குடியிருப்பின், பெயரில் காடு இருந்தது, பசுமை இருந்தது, ஓர் ஊற்றும் இருந்தது. மூன்றுக்குமான மலாய்ச் சொற்களை வரிசையாக அடுக்கி, நுழைவாயில் வளைவில் பொன்னிற எழுத்தில் பதித்திருந்தார்கள். வளைவைத் தாண்டியதும் மணல். வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூச வைக்கும் மணல். நடுவே தார்ச் சாலை, அதன் இருபக்கமும் வரிசை வீடுகள், வீடுகளுக்குப் பின்னால் மறுபடியும் மணல், அதற்கும் அப்பால் சுண்ணாம்பு மலைகள்.

ஈப்போவிலிருந்து செமோர் போகும் வழியில், பெரிய சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கிற இடம் இது. ஒரு காலத்தில் இங்கே ஈயம் தோண்டினார்கள். மண்ணைத் தண்ணீரால் அடித்துக் கரைத்து, ஈயத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு, கழுவிய மணலை அப்படியே கொட்டிவிட்டுப் போனார்கள். ஈயம் எந்தெந்த நாட்டுக்கோ கப்பலேறியது. மணல் எங்கள் தலைமுறைக்கென்று தங்கிவிட்டது.

வீடு விற்க வந்தவர் கொடுத்த விளம்பரத் தாளில் மணலே இல்லை. ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் புல்வெளியில் நாயோடு ஓடிக்கொண்டிருந்தது. பின்னணியில் பெரிய பெரிய மரங்கள். அடியில், மருந்துப் புட்டியில் பக்க விளைவுகளை அச்சடிக்கிற அளவு எழுத்தில், 'ஓவியரின் கற்பனை' என்று போட்டிருந்தது. நான் முப்பது வருடம் ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன். அந்த அளவு எழுத்தைப் படிப்பதுதான் என் தொழில். படித்தேன். நல்ல கற்பனையுள்ள ஓவியர்தான் என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

காரணம் இருந்தது. நான் பிறந்தது ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அப்பா மரப்பட்டையை வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். அந்த லயத்தை விட்டுப் போகச் சொன்னார்கள், போனோம். அதற்குப் பிறகு ஈப்போவில் நான்கு வாடகை வீடுகள். நான்கிலும் ஏதோ ஒரு நாள் வீட்டுக்காரர் வந்து, மகனுக்குக் கல்யாணம் என்றோ வீட்டை விற்கப் போகிறேன் என்றோ சொல்வார். பெண் பிள்ளைகள் இரண்டும் கல்யாணமாகி ஜொகூர் பக்கம் போன பிறகு என் மனைவி ஒரே ஒரு விஷயம் கேட்டாள். காலி செய்யுங்கள் என்று யாரும் சொல்ல முடியாத ஒரு வாசற்படி வேண்டும் என்றாள். எங்களுக்குக் கட்டுப்படியான வாசற்படி பாலைவனத்தில்தான் இருந்தது.

பாலைவனம் என்ற பெயரை வைத்தவர் என் மச்சான். மனைவிக்கு ஒரே அண்ணன். தெலுக் இந்தானில் ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் வீடும், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் கொஞ்சமும் வைத்திருக்கிறவர். அவருடைய நிலத்து மண் கறுப்பு. பிசைந்து வைத்தால் பொம்மை செய்யலாம். குச்சியை ஊன்றினால் தழைக்கும் என்று அவர் சொல்வார், உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன். அவர் வீட்டு வேலிக் கம்புகள்கூடத் துளிர்த்திருக்கும். அந்த மண் ஏதோ அவரே பாடுபட்டுப் படைத்தது மாதிரி ஒரு பெருமை அவருக்கு.

புதுமனை புகுவிழாவுக்கு வந்தவர், சாமி கும்பிட்டு முடிப்பதற்குள் பின்வாசலுக்குப் போய்விட்டார். குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி, விரல்களை விரித்து ஒழுக விட்டார். மறுபடியும் அள்ளினார், மறுபடியும் ஒழுக விட்டார். சொந்தக்காரர்கள் பத்துப் பேர் கூடும்வரை அதைச் செய்துகொண்டிருந்தார்.

"மாப்ள, ஒட்டகம் எப்ப வாங்கப் போறீங்க?" என்றார்.

அன்றைக்குச் சாப்பாட்டுப் பந்தியில் அதுதான் பேச்சு. மறுநாளிலிருந்து குடும்ப வாட்சாப் குழுவில் என் பெயர் ஷேக். காலை வணக்கம் சொல்லும் பூப்படங்களுக்கு நடுவே எனக்கு மட்டும் ஒட்டகப் படம் வரும். என் சொந்த மகளே ஒரு நாள் தலைப்பாகை கட்டிய அரபிக்காரர் படத்தில் என் முகத்தை ஒட்டி அனுப்பினாள். நன்றாகத்தான் இருந்தது.

முதல் மாதம் மணலோடு சண்டை போட்டோம். காலையில் மனைவி பெருக்கி வெளியே தள்ளுவாள். பத்து மணிக்குக் காற்று எழுந்து அதைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகும். சோற்றில் மணல், மெத்தையில் மணல், மூக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் மணல். பால்கோப்பையின் அடியில் ஒரு நாள் கொஞ்சம் மணல் தங்கியிருந்தபோது நான் அதை விட்டுவிட்டு மேலே உள்ளதைக் குடித்தேன். அன்றுதான் நாங்கள் தோற்றோம் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு பெருக்குவதை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினோம். வீடு அப்படியேதான் இருந்தது.

தோற்ற பிறகுதான் சுகங்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன.

முதலாவது துணி. ஈப்போவில் மலையடிவார வாடகை வீட்டில், அடைமழைக் காலத்தில் என் காற்சட்டைகள் காயாமலேயே வேலைக்குப் போய் வரும். இங்கே காலை ஒன்பது மணிக்குக் கொடியில் போட்ட கைலி ஒன்பதரைக்கு அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று நிற்கும். மனைவி துணியை எடுத்து முகத்தில் வைத்து முகர்ந்து பார்ப்பாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் சட்டையை அவள் அப்படி முகர்ந்து நான் பார்த்ததில்லை. சட்டைக்காகத்தான், எனக்காக இல்லை, என்றாலும் சந்தோஷமாக இருந்தது.

இரண்டாவது மழை. எங்கள் பேராக் மாநிலத்தில் மழை கேட்காமலேயே வரும். மற்ற ஊர்களில் அது வந்தால் தங்கிவிடும். எங்கள் தாமானில் தலைகால் தெரியாமல் கொட்டிவிட்டு நின்றால், கால் மணி நேரத்தில் தரை உலர்ந்துவிடும். சேறு கிடையாது. வாசலில் தேங்கிய தண்ணீர் கிடையாது, ஆகவே கொசுவும் இல்லை. லயத்தில் வளர்ந்தவனுக்கு இது சாதாரண விஷயமில்லை. அட்டை ஏறாத கால்கள், சேறு அப்பாத செருப்பு. காலை ஏழு மணிக்கு வெறுங்காலோடு பின்வாசல் மணலில் நடப்பேன். இரவுக் குளிர்ச்சி இன்னும் அதில் மிச்சமிருக்கும். உள்ளங்காலுக்கு ஒரு ஜில்லிப்பு. எட்டரைக்கு மேல் அதே இடத்தில் நடந்தால் துள்ளிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும்.

மூன்றாவது, எதிர்வீட்டு மிஸ்ஸி அக்கா. ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போவார். வெளியே எங்கே போனாலும் ஒரு கறுப்புக் குடை. தாமானில் முதலில் குடியேறியவர் என்பதால் பாலைவனத்து நடைமுறைகள் அவருக்குத்தான் அத்துப்படி. மாலை ஐந்தரைக்கு மேல் வீட்டுக்குள் இருக்கக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். பின்பக்கம் பழைய ஈயக்குட்டை ஒன்று இருக்கிறது. மணல் மேட்டைத் தாண்டினால், தண்ணீர் பச்சையும் நீலமுமாகக் கிடக்கும். ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் உட்காருவோம். மேட்டின் சரிவில் சின்னச் சின்னப் பஞ்சுருட்டான் குருவிகள் வளை தோண்டிக் குடித்தனம் செய்தன. நாங்கள் வறுத்த கச்சான் கடலையைக் கொறித்துக்கொண்டு, அதுகள் தும்பி பிடித்துக்கொண்டு உள்ளே போவதைப் பார்ப்போம். அதிகம் பேச மாட்டோம். பொழுது மலைக்குப் பின்னால் இறங்கியதும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திரும்புவோம்.

என் மனைவி பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தவள், சும்மா இருக்க மாட்டாள். பழைய கட்டில் சட்டத்தில் கொசுவலையைக் கட்டி வெயிலில் வைத்து வடகம் போட்டாள். மற்ற ஊரில் மூன்று நாள் கேட்கிற வடகம் இங்கே ஒரே நாளில் கலகலவென்று காய்ந்தது. அப்புறம் மோர் மிளகாய், பாவற்காய் வற்றல், கருவாடு. கேள்விப்பட்ட சொந்தக்காரர்கள் தங்கள் மிளகாயையும் மல்லியையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்து காய வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். பந்தியில் சிரித்தவர்கள்தான். நான் மூட்டையை இறக்கிக் கொடுத்தேன். ஷேக்குகளுக்குப் பெருந்தன்மை வேண்டும்.

இப்படியே விட்டிருந்தால் எல்லாம் நன்றாகப் போயிருக்கும். ஆனால் தாமானில் குடியிருப்போர் சங்கம் ஒன்று இருந்தது.

சங்கத் தலைவர் முன்பு இன்சூரன்ஸ் விற்றவர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் அவர் எங்களை எல்லாம் மூலை வீட்டுக் கூடாரத்தில் கூட்டி, கடிதம் ஒன்றை வாசித்தார். வட்டாரத்திலுள்ள தாமான்களுக்குள் பசுமைப் போட்டியாம். மூன்று மாதத்தில் நடுவர்கள் வந்து பார்ப்பார்களாம். பரிசு, கேடயம், பத்திரிகையில் படம். நான் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தேன். மொத்தத் தாமானிலும் பச்சையாக இருந்தது குப்பைத் தொட்டிகள்தான்.

தலைவர் கலங்கவில்லை. குழுக்கள் அமைத்தார். பசுமைக் குழுவுக்குப் பொறுப்பாளர் யார் என்ற கேள்வி வந்ததும் அவர் கண் என்மேல் வந்து நின்றது.

"அண்ணே தோட்டத்துல பொறந்தவருலா. அவருக்குத் தெரியாத செடியா?"

எல்லோரும் கைதட்டினார்கள். தோட்டத்தில் ஒரே ஒரு வகை மரம்தான் இருந்தது, அதையும் நாங்கள் வளர்க்கவில்லை, வெட்டினோம் என்று சொல்ல வாயெடுத்தேன். தலைவர் விசில் ஊதிக் கூட்டத்தை முடித்துவிட்டார். விசில் எதற்கு என்று அன்று புரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் என்கிற கூட்டுப்பணி வைத்து, எல்லோருமாகச் சேர்ந்து சாலையோரமெல்லாம் குழி வெட்டினோம். குழி வெட்டுவது எளிது. மூடாமல் வைத்திருப்பதுதான் கஷ்டம். வெட்ட வெட்ட மணல் சரிந்து உள்ளே விழுந்தது. ஒருவழியாகக் கன்றுகளை ஊன்றினோம். காலையும் மாலையும் நான் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றிய தண்ணீர் ஒரு விநாடிகூட நிற்காமல் கீழே போய்விடும், அவசர வேலை இருக்கிற மாதிரி. மூன்றாவது வாரம் கன்றுகள் எல்லாம் விறகாகிவிட்டன. ஒன்று மட்டும் பச்சையாக நின்றது. மிஸ்ஸி அக்கா கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, அது யாரோ சாயம் அடித்தது என்றார். தலைவர் அன்று மாலை எங்கள் பக்கமே வரவில்லை.

என் முகத்தைப் பார்த்த மனைவி, எனக்குத் தெரியாமல் அண்ணனுக்குப் போன் செய்துவிட்டாள்.

மச்சானுக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு வாழ்க்கையில் வந்ததில்லை. நல்ல மண் இல்லாததுதான் வியாதி, மண்ணைக் கொடுத்தால் தீர்ந்தது என்று வாட்சாப் குழுவில் எல்லோருக்கும் கேட்கும்படி குரல் பதிவு போட்டார். நடுவர்கள் வருவதற்கு நான்கு நாள் முன்பு, தன் நிலத்துக் கறுப்பு மண்ணை ஒரு லாரி நிறைய ஏற்றிக்கொண்டு, தானே முன் இருக்கையில் உட்கார்ந்து வந்து சேர்ந்தார். லாரி எங்கள் வாசலில் மண்ணைக் கவிழ்த்தபோது தலைவர் உட்படத் தெருவே கூடியது. மச்சான் ஒரு கட்டியை எடுத்துப் பிட்டு, எல்லோருக்கும் காட்டினார். உள்ளே மண்புழு நெளிந்தது. எங்கள் தாமான் பிள்ளைகள் பலர் மண்புழுவை முதன்முதலாக அன்றுதான் பார்த்தார்கள்.

"பாத்துக்கிங்க. இதுக்குப் பேருதான் மண்ணு," என்றார்.

மறுநாள் காலையில் பரப்பிக்கொள்ளலாம் என்று முடிவானது. அவர் சாப்பிட்டுவிட்டு லாரியிலேயே திரும்பிப் போனார். பிற்பகல் மூன்று மணிக்கு மழை வந்தது.

அன்றைக்கு வந்த மழையும் வழக்கமான மழைதான். ஆனால் மச்சானின் மண் அதைக் குடிக்கவில்லை, குடிக்க நினைத்த மணலையும் விடவில்லை. குவியல் கரைந்து தெருவில் இறங்கியது. சாக்கடைக்குள் போய் அடைத்துக்கொண்டது. என் வீட்டிலிருந்து பதினோராவது வீடுவரை, தார்ச் சாலை தெரியாமல் கறுப்புக் குழம்பு. தலைவரின் வெள்ளை மைவி கார் சக்கரம்வரை அமிழ்ந்து நின்றது. அதை எடுக்க வந்தவர் வழுக்கி உட்கார்ந்தார். எழுந்திருக்க முயன்று மறுபடியும் உட்கார்ந்தார். இரண்டாம் முறை உட்கார்ந்த பிறகு அவர் அவசரப்படவில்லை. மழையில் அப்படியே உட்கார்ந்து என் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வெயிலில் அந்தக் குழம்பு ஓடு மாதிரி இறுகிவிட்டது. அதற்கு மேல் அடுத்த மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. முதன்முறையாக எங்கள் தாமானில் கொசு கடித்தது. மூன்று நாள், பெண்களும் ஆண்களும் மண்வெட்டியும் தகரமும் வைத்துச் சுரண்டினோம். பசுமைக் குழுப் பொறுப்பாளர் என்ற முறையில் சாக்கடைக்குள் இறங்கியவன் நான். மச்சானிடம் நான் இதைச் சொல்லவில்லை. மண் எப்படி என்று அவர் கேட்டபோது, ரொம்பப் பிடிப்பான மண் என்று சொன்னேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

நடுவர்கள் வரும் நாளன்று காலை எட்டு மணிக்கு ஒரு லாரி வந்தது. தலைவர் யாரிடமும் கலந்து பேசாமல், கல்யாண மண்டபங்களுக்கு அலங்காரம் செய்கிற ஒருவரிடமிருந்து செடித் தொட்டிகளை வாடகைக்குப் பிடித்திருந்தார். பாக்குப் பனை, குரோட்டன்ஸ், பெயர் தெரியாத அகல இலைச் செடிகள். அரை மணி நேரத்தில் தெருவின் இருபக்கமும் காடு. சில தொட்டிகளில் முந்தைய கல்யாணத்து ரோஸ் ரிப்பன் இன்னும் கட்டியிருந்தது. செடிகளுக்கு இடையில் பச்சைப் பிளாஸ்டிக் புல் விரித்தார்கள். மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டாள். லாரி மட்டும் போகாமல், இன்ஜினை அணைக்காமல் மூலையில் நின்றது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

பதினொரு மணிக்கு நடுவர்கள் வந்தார்கள். ஒரு மலாய்க்கார அம்மா அதிகாரி, நடுத்தர வயது. அவரோடு குறிப்பெடுக்க ஒரு தமிழ்ப் பெண். தலைவர் விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு முன்னால் நடந்து, எங்கள் தாமான் மக்கள் ஒவ்வொருவரும் செடியைப் பிள்ளைபோல் வளர்ப்பதாக மலாய் மொழியில் விளக்கினார். நான் பின்னால் நடந்தேன். அதிகாரி அம்மா தலையை ஆட்டிக்கொண்டே வந்தவர், ஏழாவது வீட்டு வாசலில் நின்றார். அங்கே வாய் உடைந்து, பழுப்பு நிற நாடா ஒட்டிய ஒரு தொட்டி. பக்கவாட்டில் சிவப்புச் சாயத்தில் பதினான்கு என்று எண். குனிந்து அதைப் பார்த்தார். கூட வந்த பெண்ணிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தலைவர் என்ன என்று கேட்டார். அவள்தான் தமிழில் சொன்னாள்.

"இந்தத் தொட்டிய நேத்து ரெண்டு தாமான்ல பாத்துட்டோம் அங்கிள். மூணாவதா உங்களுது."

அப்போதுதான் லாரி ஏன் நின்றது என்று எனக்குப் புரிந்தது. பன்னிரண்டரைக்கு அடுத்த தாமானில் அந்தச் செடிகளுக்கு வேலை இருந்தது. வட்டாரத்துப் பசுமை முழுவதும் ஒரே லாரியில் நடுவர்களுக்கு முன்னாலும் பின்னாலும் ஓடிக்கொண்டிருந்தது.

தலைவரின் காது சிவந்தது. வெயில் உச்சியில் ஏறிவிட்டது. அதிகாரி அம்மாவின் சப்பாத்துக்குள் மணல் போயிருக்க வேண்டும், ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். மிஸ்ஸி அக்காதான் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து அவர் கையைப் பற்றித் தன் வீட்டுக் கார் நிறுத்துமிடத்து நிழலுக்கு அழைத்துப் போனார். நாற்காலி போட்டார், பார்லித் தண்ணீர் கொடுத்தார். அந்த அம்மா சப்பாத்தைக் கழற்றி மணலைக் கொட்டினார். கொட்டிய பிறகு மாட்டிக்கொள்ளவில்லை. எதிரே எங்கள் வாசலில் கட்டில் சட்டத்தில் காய்ந்துகொண்டிருந்தவை என்ன என்று கேட்டார். என் மனைவி ஓடிப்போய்க் கொஞ்சம் வடகம் பொரித்துக்கொண்டு வந்தாள். தாங்கள் வீட்டில் இக்கான் மாசின் என்கிற உப்புக் கருவாடு காய வைப்பதைப் பற்றி அவர் சொன்னார், மழையில் புழுத்துப்போவதைப் பற்றி வருத்தப்பட்டார். அரை மணி நேரம் ஓடிவிட்டது. லாரிக்காரர் பொறுத்துப் பார்த்து, கடைசியில் தொட்டிகளை ஒவ்வொன்றாக ஏற்ற ஆரம்பித்தார். நடுவர்கள் வடகம் தின்றுகொண்டு இருக்க, அவர்கள் கண்முன்னாலேயே எங்கள் காடு கிளம்பிப் போனது.

முடிவு ஒரு மாதம் கழித்துத் தபாலில் வந்தது. எந்த இடமும் கிடைக்கவில்லை. நடுவர் குறிப்பில் இரண்டே வரி. நல்ல காற்றோட்டம், நல்ல உபசரிப்பு. தலைவர் அதைச் சங்கக் கூட்டத்தில் மூன்று முறை வாசித்து, காற்றோட்டத்துக்குத் தனிப் பாராட்டு வாங்கிய ஒரே தாமான் நம்முடையதுதான் என்றார். கைதட்டல் கிடைத்தது. நானும் தட்டினேன். சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார், இப்போதும் கூடாரத்தில் தொங்குகிறது.

அந்த வருடக் கடைசியில் தெலுக் இந்தானில் தண்ணீர் ஏறியது. ஆறும் பெருகி, கடல் அலையும் எதிர்த்து வந்து, மச்சான் வீட்டுக் கூடத்தில் முழங்கால் அளவு. கட்டிலை மேசைமேல் ஏற்றி வைத்துவிட்டு இரண்டு நாள் பார்த்தார்கள். மூன்றாம் நாள் அவரும் அவர் மனைவியும் எங்கள் வாசலில் வந்து இறங்கினார்கள். பைகள் எல்லாம் ஈரம். அவர் கால் விரல்களுக்கு இடையில் சேற்றுப் புண்.

நான் சிரிக்கக்கூடாது என்று மனைவி முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். சிரிக்கவும் தோன்றவில்லை. வந்த மனிதர் வழக்கமான மச்சானாக இல்லை. குரல் இறங்கியிருந்தது. சாப்பிடும்போது தலை நிமிரவில்லை. செம்பனை எல்லாம் தண்ணீரில் நிற்கிறது என்று ஒரே ஒரு முறை சொன்னார், அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. அவருடைய மனைவி கொண்டுவந்த துணியெல்லாம் அலசிக் கொடியில் போட்டார். ஒரு மணி நேரத்தில் அத்தனையும் மடித்துக் கூடத்தில் அடுக்கியிருந்தது. என் மனைவி கொசுவலைக் கட்டிலில் அவர்களுடைய கல்யாணப் படங்களையும், நிலப் பத்திரத்தையும், ஈரமான கடிதங்களையும் ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் கல் வைத்துப் பரப்பினாள். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து, காய்ந்த தாளை எடுத்துத் தடவித் தடவிப் பார்த்தார். முக்கால்வாசிப் படங்கள் பிழைத்துவிட்டன.

மிஸ்ஸி அக்கா அவர் காலைப் பார்த்து, மருந்து எதுவும் வேண்டாம், காலையில் வெயில் ஏறுவதற்கு முன் காய்ந்த மணலில் வெறுங்காலோடு நடந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். தாதி சொன்னால் அவர் கேட்பார். முதல் நாள் கௌரவத்துக்காக என்னோடு நடந்தார். இரண்டாம் நாள் நான் எழுந்தபோது அவர் ஏற்கெனவே பின்வாசலில் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். நான்காம் நாளிலிருந்து எனக்கே யோசனை சொன்னார், குதிகாலை முதலில் வைக்கணும் மாப்ள, அப்பதான் குளிர்ச்சி ஏறும் என்று. ஒரு வாரத்தில் புண் ஆறியது. ஆறிய பிறகும் நடந்தார்.

மாலையில் அவருக்கும் ஒரு நாற்காலி. ஈயக்குட்டைக் கரையில் உட்கார்ந்து முதல் இரண்டு நாள் மண்ணின் தரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். இதில் எதுவும் விளையாது, சத்து என்பதே கிடையாது, ஈயக்காரன் சக்கையைத்தான் விட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்றார். மிஸ்ஸி அக்கா ஆமாம் ஆமாம் என்று கச்சானை அவர் பக்கம் நகர்த்துவார். மூன்றாம் நாள் பேச்சு குறைந்தது. அப்புறம் அவரும் எங்களைப் போலவே, வாயில் கச்சானும் கண் தண்ணீர்மேலுமாக உட்காரப் பழகிவிட்டார். தண்ணீர் வடிந்துவிட்டது என்று ஊரிலிருந்து தகவல் வந்த பிறகும் ஆறு நாள் இருந்தார். வீடு காயட்டும் என்றார்.

கிளம்புவதற்கு முந்தின மாலை கரையில் நானும் அவரும் மட்டும். தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்.

"உங்க மண்ணு மண்ணே இல்ல மாப்ள. அத நான் மாத்திச் சொல்ல மாட்டேன்."

"சரி மச்சான்."

"ஆனா இங்க நல்லா தூக்கம் வருது."

கச்சான் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினேன், அவர் எடுத்துக்கொண்டார்.

ஊருக்குப் போன பிறகு வாரம் ஒரு முறை தங்கைக்குப் போன் செய்கிறார். சுவரில் இன்னும் ஈரம் போகவில்லை, கைலி காயவில்லை, அலமாரிக்குள் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று நீண்ட நேரம் சொல்வார். அவளும் பொறுமையாகக் கேட்பாள். கடைசியில், அவர் கேட்க வாய் வராததை அவளே சொல்லிவிடுவாள், வெள்ளிக்கிழமை கிளம்பி வாங்கண்ணே, நாற்காலி இருக்கு என்று. வேலை கிடக்கிறது, பார்க்கலாம் என்பார். பெரும்பாலும் வியாழக்கிழமையே வந்துவிடுகிறார்.